என் வீட்டில் இன்னொருவர் வைத்த சாம்பார்

இந்த மாவட்டத்தில் என் சாம்பாரைச் சாப்பிடாத அதிகாரி யாராவது இருந்தால், அவர் நேற்றுதான் மாற்றலாகி வந்திருக்க வேண்டும். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவள். அந்த மூன்றாம் வகுப்பிலும் பாதி நாள் அம்மாவோடு சின்ன வெங்காயக் காட்டில் தாள் அரிந்துகொண்டிருந்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததெல்லாம் பேரன் பேத்தி எடுக்கிற வயதில்தான். மகளிர் குழுவில் கைநாட்டு வைக்கக் கூடாது என்றார்கள், அந்த ரோஷத்தில் கற்றுக்கொண்டேன். இதையும் நானேதான் எழுதுகிறேன். பிழை இருந்தால் படித்தவர்கள் திருத்திக்கொள்ளட்டும், அவர்களுக்கும் வேலை வேண்டுமே.

பெரம்பலூரில் ஒரு பெரிய அரசு ஆபீஸ் வளாகத்துக்குள் வேப்ப மரத்தடியில் எங்கள் கேன்டீன் இருக்கிறது. காலனியிலிருந்து வந்த மகளிர் குழுக்களுக்கு முன்னுரிமை என்று அரசாங்கம் ஒதுக்கிக் கொடுத்த இடம். சும்மா வந்துவிடவில்லை. நான் நடந்த நடைக்கு இன்னொருத்தியாக இருந்தால் பாதியில் உட்கார்ந்திருப்பாள். அப்போது ஓர் அம்மா அதிகாரியாக இருந்தார். மேலே நிமிராமலே, “சமைக்கத் தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டார். நான் கையோடு கொண்டுபோன தூக்குச்சட்டியை அவர் மேசையில் வைத்துத் திறந்தேன். “சாப்ட்டுப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்கம்மா” என்றேன். அந்த அறை முழுக்க மணந்தது. வெளியே நின்ற டவாலி உள்ளே எட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் எங்களுக்கு இடம் கிடைக்காமல் எப்படி இருக்கும்?

என்னோடு முதல் நாளிலிருந்து நிற்பவள் ஒருத்தி. எங்கள் தெருக்காரி, என்னைவிடப் பத்து வயசு சின்னவள். நான் குழுத் தலைவி, அவள் செயலாளர். அடுப்பு என் கையில், பரிமாறுவதும் கல்லாவும் அவள் கையில். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். யாராவது கூட்டில் உப்புக் குறைச்சல் என்றால், “சார், உப்பு அந்த டப்பாவுல இருக்கு, ரோஷம் உங்ககிட்ட இருக்கா பாருங்க” என்பாள். கோபித்துக்கொண்டு போனவர் மறுநாள் அவளிடமே வந்து டோக்கன் வாங்குவார்.

திங்கட்கிழமை மனு நாள். அன்றைக்குத்தான் எங்களுக்குக் கூட்டம். பட்டா கேட்டு வருபவர்கள், மூன்று சக்கர வண்டி கேட்டுக் கையால் ஊன்றி வருபவர்கள், சாதிச் சான்றுக்கு அலைகிற நரிக்குறவப் பெண்கள், அடையாள அட்டைக்கு வரும் திருநங்கைகள் என்று எல்லோரும் வருவார்கள். வெளியே எங்கேயாவது ஓரமாகப் போய் நிற்பார்கள். நான் விடமாட்டேன். கேன்டீன் நடுவில் நீளமான பெஞ்சு போடச் சொன்னதே நான்தான். கிளார்க்கும் உட்கார வேண்டும், மனு கொடுக்க வந்தவளும் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அரசாங்கம் அவர்களுக்கு என்னென்னவோ திட்டம் வைத்திருக்கிறது, அதெல்லாம் எனக்குத் தெரியாது. பசியோடு வந்தவள் பெஞ்சில் உட்காருவதற்கு நான் போட்ட திட்டம் அது.

அந்த பெஞ்சுக்கு ஒரு திங்கட்கிழமை எங்கள் ஊர்ப் பெரியவர் வந்தார்.

எங்கள் ஊர் குன்னத்துக்கும் அரியலூருக்கும் நடுவில். மக்காச்சோளமும் பருத்தியும் வானத்தைப் பார்த்து நிற்கிற பூமி. ஊர்த் தெரு தனி, எங்கள் காலனி தனி. நான் சொல்கிற பெரியவர் ஊர்த் தெருவில் முக்கியமானவர். அவர் காட்டில்தான் என் அம்மா களை எடுத்தாள், நானும் எடுத்தேன். அன்றைக்கு அவர் சொட்டுநீர் மானியத்துக்கு மனு கொடுத்துவிட்டுச் சாப்பிட வந்திருந்தார். பாதிச் சாப்பாட்டில், “சாம்பார் பிரமாதமா இருக்கே, மாஸ்டர் யாரு?” என்று கேட்டார். செயலாளர்காரி அடுப்பைக் காட்டினாள். நான் கரண்டியோடு நின்றேன். அவர் கை ஒரு கணம் அப்படியே நின்றது. அப்புறம், “அட, நம்மூரா! இன்னுங் கொஞ்சம் ஊத்தச் சொல்லும்மா” என்றார்.

நானே போய் ஊற்றினேன். அவர் சோற்றில் குழி பறித்து வாங்கிக்கொண்டார்.

அதிலிருந்து பெரம்பலூர் வரும்போதெல்லாம் அவர் எங்கள் கேன்டீனில்தான் சாப்பிடுவார். ஊர்த் தெருவிலிருந்து மற்றவர்களும் வந்தார்கள். டவுனில் என் சாப்பாடு அவர்கள் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஊரில் கதை வேறு.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. காலனியில் கல்யாணம், காட்சி என்றால் ஊர்த் தெருக்காரர்கள் வராமல் இருக்க மாட்டார்கள். வருவார்கள், மொய் வைப்பார்கள், பந்தலில் முன்வரிசையில் உட்காருவார்கள். இலையில் மட்டும் உட்கார மாட்டார்கள். அவர்களுக்கென்று கலர் சோடா பாட்டில் வாங்கி வைத்திருப்போம். மூடியை அவர்கள் கண் முன்னாலேயே திறந்து கொடுக்க வேண்டும். திறந்து கொண்டுவந்தால் தொட மாட்டார்கள், நம் வீட்டு டம்ளரில் ஊற்றினாலும் தொட மாட்டார்கள். சண்டை கிடையாது, முகச்சுளிப்பு கிடையாது. சிரித்துப் பேசிக்கொண்டே நின்றபடி குடித்துவிட்டு, “வேலை கெடக்கு, வரோம்” என்று கிளம்பிவிடுவார்கள்.

இது இப்படி இருக்க, ஒரு பயிற்சிக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். எங்களைப் போன்ற மக்களை வேலையிலும் சமூகத்திலும் சேர்ப்பது எப்படி என்று கூட்டம். அதிகாரிகள் திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். என் முறை வந்ததும் மைக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு வெங்காயக் காட்டிலிருந்து ஆரம்பித்தேன். கை தட்டினார்கள். ஓர் இளம் அதிகாரி எழுந்து, “கேன்டீன்ல எல்லாரும் சாப்பிடுறாங்க, சரிம்மா. உங்க ஊர்ல இப்ப எப்படி?” என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை பேர் முன்னால் கலர் கதையைச் சொல்ல வாய் வரவில்லை. “வூடு கட்டிக்கிட்டிருக்கேன் சார். குடி போற அன்னைக்கு ஊரே என் வூட்டுல எலை போட்டுச் சாப்பிடும், பாருங்க” என்றேன். சொன்னது சொன்னதுதான். பேச்சை விழுங்கிப் பழக்கமில்லை எனக்கு.

வீடு கட்டிய இடத்தைச் சொல்ல வேண்டும். காலனிக்குள் கட்டவில்லை. தார் ரோட்டில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே. ஊர்த் தெருக்காரனும் காலனிக்காரனும் பஸ் ஏற அங்கேதான் வர வேண்டும், என் வீட்டைப் பார்க்காமல் யாரும் எங்கேயும் போக முடியாது. முன்னால் ரோடு, மற்ற மூன்று பக்கமும் மக்காச்சோளக் காடு. வீட்டுக்காரர் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் லாரியில் ஓடி ஓடி, அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் வெளிநாட்டில். “இவ்ளோ பெரிய வூடு உனக்கு எதுக்கும்மா?” என்று போனில் கேட்டான். “எனக்கு எதுக்கா? ஊரு வந்து உக்காந்து சாப்பிடுறதுக்குடா” என்றேன்.

அழைப்பிதழ் வைக்கத் தாம்பாளத்தோடு ஊர்த் தெருவுக்குப் போனேன். செயலாளர்காரியும் கூட வந்தாள். பெரியவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கும் நாற்காலி போடச் சொன்னார். அதுவே பெரிய மாற்றம், நான் மறைக்கவில்லை. வெற்றிலை பாக்கோடு எடுத்துக்கொண்டு, “கண்டிப்பா வரோம்மா. நீ எங்களுக்குன்னு ஒண்ணும் இழுத்துப் போட்டுக்காத. கலர் போதும்” என்றார்.

“கலர் இல்லீங்கய்யா. எலை. நீங்க எல்லாரும் எலையில உக்காரணும்.”

அவர் தாடையைச் சொறிந்துகொண்டார். கோபமில்லை. யோசித்தார். “நான் டவுன்ல ஒங்கிட்ட சாப்பிடுறேன், எனக்கென்ன வந்துச்சு. ஊர்ல நாலு பேர் நாலு விதமாப் பேசுவான். சமையலுக்கு யாரு?”

“நான்தான். வேற யாரு?”

“குரும்பலூர்ல ஒரு ஆளு இருக்கான். நம்ம தெரு விசேஷத்துக்கெல்லாம் அவன்தான். அவனைக் கூப்புட்டுடு. பாத்திரம், பரிமாறுற ஆளு, எல்லாம் அவனே கொண்டாந்துடுவான். ஒரு ஆளு தப்பாம அத்தனை பேரையும் நான் கூட்டியாந்து உக்கார வைக்கிறேன். இது என் பொறுப்பு.”

வெளியே வந்ததும் செயலாளர்காரி ரோட்டிலேயே நின்றுவிட்டாள்.

“யக்கா, நீ சரின்னு தலையாட்டுனியா இப்ப?”

“ஆட்டுனேன்.”

“கலெக்டரு சாப்பிடுற சாம்பாரு நம்ம ஊர்க்காரனுக்கு ஆவலையாமா? ஓ வூட்டு அடுப்புல இன்னொருத்தன் கரண்டி போடுறதுக்கு நீ வூடு கட்டணுமா?”

“அடியேய், மொதல்ல உக்காரட்டும்டி. இன்னைக்கு அவன் சமையலுக்கு உக்காந்தா, நாளைக்கு ஏஞ் சமையலுக்கு உக்காருவான். எனக்குத் தெரியாததா?”

அவள் காலனி திருப்பம் வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தாள்.

குடி போன அன்று விடியற்காலையிலேயே சமையல்காரர் வேனில் வந்து இறங்கினார். அண்டா, குண்டா, கேஸ் அடுப்பு, கரண்டி, ஜக்கு, வாளி, தண்ணீர் கேன் என்று எல்லாமே அவருடையது. என் வீட்டுக் குழாயை அவர் ஆட்கள் திறக்கவே இல்லை. நல்ல மனிதர். நான் அண்டா பக்கம் போனபோது, “அம்மா, நீங்க மொதலாளி. இங்க வந்து வெயில்ல காயலாமா? அந்தப் பக்கம் சேர்ல உக்காருங்க” என்று மரியாதையாகத்தான் சொன்னார். நான் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது, பருப்பு இன்னும் குழைய வேண்டும். புளி முந்திவிட்டது. பெருங்காயத்தைக் கொதியில் போடாமல் கடைசியில் தூவினார். கை பரபரத்தது. எத்தனை வருஷமாக விடிந்தால் கரண்டி பிடித்த கை. அந்தக் கையில் சந்தனக் கிண்ணமும் கல்கண்டுத் தட்டும் கொடுத்து வாசலில் நிற்க வைத்துவிட்டார்கள். பட்டுச்சேலை வேறு.

பெரியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஊர்த் தெரு வந்தது. ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் வந்து என் வீட்டுப் பந்தலில் இலை போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு நடுவில் எங்கள் காலனி ஜனங்களும் உட்கார்ந்தார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு பந்தி அதற்கு முன் நடந்ததில்லை, அதை நடத்தியவள் நான். யாரும் இதை என்னிடமிருந்து பிடுங்க முடியாது. கும்பிட்ட கையோடு ஒவ்வோர் இலையாகப் பார்த்துக்கொண்டே போனேன். “நல்லா சாப்பிடுங்க, கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க” என்றேன். பெரியவர் இலையை மடித்துவிட்டு எழுந்தார். “கொறையே சொல்ல முடியாதும்மா. சாம்பாரு அப்புடியே ஓ கேன்டீன் சாம்பாரு மாதிரியே இருந்துச்சு” என்றார்.

மாதிரியே என்றார். பக்கத்தில்கூட வராது. ஆனாலும் சிரித்தேன்.

இரண்டாம் பந்தி முடியும்போதுதான் செயலாளர்காரி வந்தாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். கையில் காகிதம் சுற்றிய ஒரு பெரிய கரண்டி. குழுவிலிருந்து எனக்குப் பரிசு என்று கொடுத்தாள்.

“வா, வா. எலையில உக்காரு, வடை சூடா இருக்கு.”

“இருக்கட்டும் யக்கா. எனக்கு ஒரு கலர் போதும்.”

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. பழக்கத்தில் ஒரு பெட்டி கலர் வாங்கி உள்ளே வைத்திருந்தேன், யாரும் தொடாமல் அப்படியே இருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை, போய் ஒரு பாட்டில் எடுத்து வந்தேன். வரும் வழியிலேயே மூடியைத் திறந்துவிட்டேன்.

“தொறந்ததைக் குடிக்க மாட்டேன். வேற எடுத்தா. என் கண்ணு முன்னாடி தொற.”

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவரும் பார்த்தார், பிறகு செருப்புத் தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார். நான் இன்னொரு பாட்டில் எடுத்து வந்து அவள் எதிரே நின்று திறந்து கொடுத்தேன். அவள் நின்றபடியே, நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். பாட்டிலைத் தரையில் வைத்தாள்.

“வேலை கெடக்கு, வரேங்க” என்றாள். அத்தனை வருஷத்தில் என்னை ‘ங்க’ போட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.

மறுநாள் கேன்டீனுக்கு வந்தாள், வராமல் இல்லை. வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. என்னோடு பேசுவது மட்டும் அளந்து போயிற்று. “ரசம் முடிஞ்சுது.” “அப்பளம் பொரிங்க.” “டோக்கன் தீந்துது.” சாப்பிட வருபவர்களிடம் பழையபடி வம்பு பேசுவாள். அவர்கள் சிரிக்கிற சத்தம் அடுப்படிக்குக் கேட்கும். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்காது. முன்பெல்லாம் காலையில் பஸ் வருவதற்கு முன்னால் என் வீட்டுக்குள் வந்து, அரையும் குறையுமாகப் பூசிய சுவரில் சாய்ந்துகொண்டு டீ குடிப்பாள். வீடு முடிந்த பிறகு உள்ளே வரவில்லை. எதிரே நிழற்குடையில் நின்றுகொள்வாள். நான் கதவைப் பூட்டிவிட்டு ரோட்டைக் கடந்து போய் அவள் பக்கத்தில் நிற்பேன். பஸ் வரும். அவள் முன்படி, நான் பின்படி.

நடுவில் பயிற்சிக் கூட்டம் மறுபடி வந்தது. அதே அதிகாரி, “என்னம்மா, ஊர் சாப்பிட்டுச்சா?” என்றார். “சாப்பிட்டுச்சு சார். ஊர்த் தெரு, காலனி எல்லாம் ஒரே பந்தி” என்றேன். மண்டபமே கை தட்டியது. உங்கள் வெற்றியை மற்ற ஊர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சமைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், எனக்கு என்ன பயம்? பின் வரிசையில் செயலாளர்காரி மடியில் வைத்த கைப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கை தட்டாத ஆள் அவள் ஒருத்திதான். நான் அவளைத்தான் பார்த்தேன்.

அதற்கப்புறம் ஒரு திங்கட்கிழமை பெரியவர் கேன்டீனுக்கு வந்தார். சொட்டுநீர் மானியம் கிடைத்துவிட்டதாம், நல்ல குஷியில் இருந்தார். நான் அன்றைக்கு ரோட்டில் நின்று செயலாளர்காரியிடம் சொன்னதை மறக்கவில்லை. இன்றைக்கு அவன் சமையல், நாளைக்கு என் சமையல். நாளை வந்துவிட்டது என்று நினைத்தேன். நானே சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு அவர் இலைக்குப் போனேன்.

“அய்யா, ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வாங்க. கூட ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டு வாங்க. நானே சமைச்சுப் போடுறேன்.”

அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். கள்ளம் ஒன்றும் இல்லாத முகம். “அதான் ஓ வூட்டுல அன்னைக்கே சாப்ட்டாச்சே. ஊரே சாப்ட்டுச்சே. இன்னும் என்னம்மா?” என்றார். “கொஞ்சம் கெட்டியாப் பாத்து ஊத்து.”

கெட்டியாகப் பார்த்து ஊற்றினேன்.

கல்லாவில் சில்லறை எண்ணும் சத்தம் நின்றிருந்தது. அவளுக்குக் கேட்டிருக்கிறது. அன்று மாலை பஸ்ஸில் அவள் ஏதாவது சொல்வாள், நன்றாக வேணும் என்றாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். முன்படியில் ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சமைத்தேன். யாரும் வரப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் சமைத்தேன். என் கைக்குச் சின்ன அளவு வராது, ஒரு பந்திக்கு ஆகிற சாம்பார் ஆகிவிட்டது. குழு கொடுத்த புதுக் கரண்டியால்தான் கிளறினேன். அடுப்படி ஜன்னல் ரோட்டைப் பார்த்து இருக்கிறது. அப்படி வைக்கச் சொன்னதும் நான்தான். எதிரே நிழற்குடையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அரியலூரில் மகள் வீட்டுக்குப் போகிறாள் போல, கையில் பழப் பை. மக்காச்சோளக் காட்டிலிருந்து காற்று வந்து அடுப்படிக்குள் புகுந்து ரோட்டுப் பக்கம் போயிற்று. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டு வராமல் போனால் என்ன செய்வது? அவள் மூக்கு லேசாகத் தூக்கியதைப் பார்த்தேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பஸ் வந்து அவளை மறைத்தது. கிளம்பும்போது என் வீட்டுப் பக்கத்து ஜன்னலில் அவள் தலை தெரிந்தது.

“யக்கா!” என்று கத்தினாள். “பெருங்காயம் தூக்கலா இருக்கு!”

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்வதற்குள் பஸ் திருப்பம் தாண்டிவிட்டது. ரோட்டில் தூசி அடங்கும் வரைக்கும் நின்றேன். அப்புறம் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தேன். தூக்கல் எல்லாம் இல்லை. அளவாகத்தான் இருந்தது. அவள் வந்ததும் சொல்ல வேண்டும்.

ஓர் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன்.